ஸஹாப்தீனின் மெழுகுத் தொப்பி

நூற்று முப்பத்தேழாவது காம்பில் மெழுகு விழுந்தது. ஸஹாப்தீன் மெழுகுதிரியை நிமிர்த்தினார், ஒரு கண்ணை மூடிப் பழத்தைப் பார்த்தார், "தொப்பி போட்டாச்சு" என்று சொல்லி முட்டைத் தட்டின் குழியில் அதை இறக்கிவைத்தார். காம்பு வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் எடுத்துத் திரும்ப வைப்பார். ஒரு பழத்துக்கு ஒரு துளி. துளி பெரிதாகிப் பழத்தின் தோலில் வழிந்தால் நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி விடுவார். இருநூறு அவகாடோவுக்கும் இதே மரியாதைதான். அந்த நேரத்தில் யார் போய்ப் பேசினாலும் பதில் வராது. மெழுகு காயும்வரை மூச்சைக்கூட மறுபக்கம் திரும்பித்தான் விடுவார்.

பலாபத்வலயில், யாழ்ப்பாணம் போகும் பெரிய வீதியின் ஓரத்தில், வீடும் கடையும் ஒன்றாக இருக்கிறது அவருக்கு. முன்னால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு, பின்னால் வைக்கோல் பரப்பிய அறை, அதற்கும் பின்னால் மனைவி ஸக்கியாவின் அடுப்படி. வயது அறுபத்தொன்று. கைவைத்த பெனியன், கட்டம் போட்ட சாரம். இடது மணிக்கட்டில் எந்நேரமும் நாலைந்து ரப்பர் பட்டிகள். முட்டைத் தட்டுகளைச் சேர்த்துக் கட்ட அவை வேண்டும். பள்ளிவாசலுக்குப் போகும்போதுகூட அவற்றைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

யட்டவத்த, இரத்தோட்டைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடிக்கும் பலாவுக்கும் நடுவே நிற்கிற அவகாடோ மரங்களைப் பேசி எடுத்து, காய் பறித்து, பழுக்க வைத்து விற்கிறார். அவரிடம் வாங்குகிறவன் நான். மாத்தளையில் இந்த வியாபாரத்தை என்னைவிட அறிந்தவர் இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இரத்தோட்டை பஸ்ஸில் வந்திறங்கும் கூடைகளைத் தலையில் சுமந்தவன். இன்றைக்கு மூன்று லொறி என் பெயரில் ஓடுகிறது. ராசையா ஸ்டோர்ஸ் என்று மூன்றிலும் எழுதியிருக்கும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

எனக்குக் கொழும்பில் ஜூஸ் கடைக்காரர்கள்தான் வாடிக்கை. நாளைக்கு அடிக்கிற பக்குவத்தில் பழம் கேட்பார்கள். ஆகவே சேகரிப்பவர்கள் காயை நாலைந்து நாள் வைக்கோலில் போட்டு, இளகத் தொடங்கும் நேரத்தில் எனக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நாலைந்து நாளில்தான் அழுகல் கண் திறக்கும். வெளியே தோல் பச்சைப் பசேலென்று மினுங்கும். வெட்டினால் காம்படியிலிருந்து கறுப்பு இறங்கியிருக்கும். ஆகவே என்னிடம் ஒரு சட்டம் இருக்கிறது. தராசில் ஏற்றுமுன் மூன்று பழம் வெட்டுவேன். மேல் தட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. என் சொந்த மைத்துனன் கொண்டுவந்தபோதும் வெட்டினேன். அவன் இன்றைக்கும் என் வீட்டு விசேஷங்களுக்கு வந்தால் சாப்பிடாமல் போகிறான்.

வெட்டாமல் எடுத்தது ஒரே ஒருவருடைய சரக்கைத்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வழக்கம்போல் ஸஹாப்தீனின் பழம் மூன்றை வெட்டினேன். மூன்றும் வெண்ணெய் மாதிரி இருந்தன. அவர் ஆறு பாதியையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, சீனி இல்லாமல், நின்ற நிலையில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்று முடித்தார். பிறகு வாயைத் துடைத்து, "இன்னும் வெட்டணுமா அண்ணன்?" என்று கேட்டார். எனக்கு மனிதர்களைத் தெரியும். அன்றிலிருந்து அவர் சரக்கில் என் கத்தி பட்டதில்லை. "நம்ம சாமான் வெட்டாம எடுக்கிற சாமான்" என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழும். அவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

அந்தப் பட்டத்தை அவர் சும்மா வைத்துக்கொண்டிருக்கவில்லை. காயை உலுக்கமாட்டார், இழுக்கமாட்டார். நீளக் கம்பு, நுனியில் வலைப்பை, அதன் வாயில் ஒரு கத்தி. காம்பு ஒரு தீக்குச்சியின் பாதி நீளத்துக்குப் பழத்தோடு இருக்க வேண்டும். "காம்பப் புடுங்கினா கதவத் தொறந்து வச்ச மாதிரி" என்பார். வெட்டிய நுனியையும் அடைத்துவிடத்தான் மெழுகு. நிலத்தில் விழுந்த காய் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடமாட்டார். அது அவர் கணக்கில் இறந்துபோனது. மழை பெய்தால் பறிக்கமாட்டார். மரத்தடியில் குடையோடு நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

கடையில் இன்னொரு விநோதம். அவகாடோ வாங்க வருகிறவர்களுக்குக் கட்டைவிரல் சும்மா இருக்காது. வாங்குகிறார்களோ இல்லையோ, நாலு பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அமுக்கிய இடம் மறுநாள் கறுக்கும். ஸஹாப்தீன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் ஒரு பழத்தை ஒதுக்கி, மகளின் நகப்பூச்சால் அதில் சிவப்புப் பொட்டு வைத்துத் தட்டின் முன்னால் தனியாக வைப்பார். "அமுக்கிறதுன்னா இத அமுக்குங்க." அது அன்றைய அமுக்கும் பழம். தம்புள்ள பஸ்ஸில் இறங்குகிறவர்கள் வந்து அதை அமுக்கித் தலையாட்டிவிட்டு வேறு பழம் வாங்கிப் போவார்கள். தினமும் வந்து அமுக்கிவிட்டு, ஒன்றும் வாங்காமல், திருப்தியோடு வேலைக்குப் போகும் ஒரு தபால்காரரை எனக்குத் தெரியும். மத்தியானம் அந்தப் பழம் ஸஹாப்தீனின் சாப்பாட்டுத் தட்டுக்குப் போய்விடும்.

பழத்தை என்னிடம் கொண்டுவருவது முச்சக்கர வண்டியில். ஓட்டுவது அவரே. முட்டைத் தட்டுகளுக்கு அடியில் குழந்தைத் தலையணைகள் இரண்டு. வேகத்தடை வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்து தாண்டி, மறுபடி ஏறி ஓட்டுவார். பின்னால் வரும் லொறிகள் ஹோர்ன் அடிக்கும். ஒரு தடவை என் லொறியே அடித்தது. டிரைவரைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

அழுகல் என்ற சொல் அவர் வாயில் வராது. "அதுக்குச் சொகமில்ல" என்பார். யட்டவத்தயில் அவர் எடுக்கும் மரங்களிலேயே பெரியது ஒன்று இருக்கிறது. ஒரு காய் முக்கால் கிலோ வரும். அதில் காய்ந்த கொப்புகள் நிறையத் தொங்கும். ஒரு சுள்ளியை ஒடிக்கவும் யாரையும் விடமாட்டார். "காஞ்ச கொப்பு கண்ணூறு எடுக்கும் அண்ணன். பாக்கிறவன் கண்ணு மொதல்ல அதுல விழும், காயில விழாது." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் களஞ்சிய வாசலிலும் ஒரு கிழிந்த செருப்பு தொங்குகிறது.

போன ஜூன் மாதம் விவசாயப் போதனாசிரியராக தர்ஷிகா என்ற பெண் வந்தார். சின்ன வயது, மோட்டார் சைக்கிளில் வருவார், எதையும் சொல்லிவிட்டு உடனே செய்துவிடுகிற ரகம். அவகாடோ அழுகலைப் பற்றி ஒரு வகுப்பு வைக்க வேண்டும், முற்றம் சுத்தமாக இருக்கிறது, ஸஹாப்தீன் நானா வீட்டிலேயே வைப்போம் என்று சொன்னார். ஸஹாப்தீன் அன்று மாலையே நாற்பது கதிரைக்குச் சொல்லிவிட்டார். தன் பழம் அழுகாததால்தான் தன் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவர் எண்ணம். சந்தையில் நாலு பேரிடம் அப்படித்தான் சொன்னார். இரத்தோட்டையில் அவரைப் போலவே சேகரித்து, சந்தையிலும் ஒரு கடை வைத்திருக்கும் றிஸ்கானிடம் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் தர்ஷிகா திரும்பி வந்து, காட்டிப் படிப்பிப்பதற்குக் கறுத்த பழம் பத்து எடுத்துவைக்கச் சொன்னார்.

"எங்கட வீட்டுல அது இல்ல மிஸ்."

"நானா, நோய் இல்லாத எடத்துல நான் எதக் காட்டி வகுப்பு எடுக்கிறது? பத்தாச்சும் வேணும். இல்லாட்டி இரத்தோட்டைக்கு மாத்திறேன். றிஸ்கான் நானா முற்றம் தாறன்னு சொல்லியிருக்காரு."

ஸஹாப்தீனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று ஸக்கியா பிறகு சொன்னார். தன் பழத்தில் அழுகல் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் இருபது வருஷப் பெயர் போகும். இல்லை என்று நின்றால் வகுப்பு றிஸ்கான் முற்றத்துக்குப் போகும், அதோடும் பெயர் போகும். வெளியிலிருந்து வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். வகுப்புக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

சந்தைக்கு வந்தார். நல்ல சாமான் கேட்டு வருகிறவனைத்தான் சந்தைக்குத் தெரியும். கெட்டது கேட்டு வருகிறவனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு கடையாகப் போய், குரலைத் தாழ்த்தி, சொகமில்லாதது பத்து இருக்குமா என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு, மாத்தளைச் சந்தை முழுவதிலும் ஒரு அவகாடோகூட அழுகியிருக்கவில்லை. ஒரு கடைக்காரர் தன் தாயின் மேல் சத்தியம் செய்தார். ஈ மொய்த்த மூலையைச் சாக்கால் மூடிவிட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார் றிஸ்கான்.

"யாரப் பாத்து என்ன கேக்கிறீங்க நானா? எங்கட கடையில எல்லாத்துக்கும் நல்ல சொகம். ஒங்கட வீட்டுல போய்ப் பாருங்க."

கடைசியாக என்னிடம் வந்தார். "அண்ணன், மூணு லொறி ஓடுற எடம். ஒரு பத்து இருக்காதா?" என்றார். நான் எழுந்து நின்று, என் களஞ்சியத்தில் அந்தப் பேச்சே கிடையாது என்றேன். உண்மையில் என் கதிரைக்குப் பின்னால் ஒரு சாக்கு இருந்தது, அதில் முப்பது இருக்கும். ஸஹாப்தீன் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி அண்ணன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் நான் அவருக்குச் சொன்ன ஒரே பொய் அது. சொன்னாலும் திருத்தமாகச் சொன்னேன்.

அப்போதுதான் அவர், உலகத்தில் வேறு எந்தப் பழ வியாபாரியும் எடுக்காத முடிவை எடுத்தார். பத்துப் பழத்தைத் தானே அழுக வைப்பது.

பெரிய மரத்துப் பழத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இரத்தோட்டை மேட்டில், வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் நிற்கும் ஒரு சின்ன மரத்திலிருந்து பத்துக் காய் எடுத்தார். சிறிய காய், சொரசொரத்த தோல், அவர் மதிக்காத சாதி. அவற்றின் காம்பைப் பிடுங்க வேண்டும். கை போகவில்லை. ஸக்கியாவைக் கூப்பிட்டார். அவர் பிடுங்கும்போது இவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டார்.

"நாலு புள்ள பெத்தன். ஒரு நாளும் இந்த மனிசன் வாசல்ல நின்னு இப்படிக் கேக்கல்ல" என்று ஸக்கியா என்னிடம் சொன்னார்.

பிறகு அவர் வாழ்நாள் முழுக்கச் செய்யக்கூடாது என்று சொல்லிவந்ததை எல்லாம் வரிசையாகச் செய்தார். பத்தையும் கூரைப் பீலித் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஈர மண்ணில் கிடத்தினார். முச்சக்கர வண்டியில் தலையணை இல்லாமல் ஏற்றி, வேகத்தடைகளில் இறங்காமல் ஓட்டி, பலாபத்வலயிலிருந்து மாத்தளை வரை போய்த் திரும்பினார். பிறகு பொலித்தீன் பையில் போட்டு முடிந்து அடுப்படிச் சூட்டில் வைத்தார். நாலாம் நாள் எடுத்துக் கடைத்தட்டில் பரப்பி, வந்தவர்களை எல்லாம் அழைத்தார்: "வாங்க, நல்லா அமுக்குங்க. பயப்படாம அமுக்குங்க." இத்தனை காலம் கேட்காமல் அமுக்கியவர்கள், கேட்டுக்கொண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தபால்காரர் சிவப்புப் பொட்டுப் பழத்தை மட்டும் அமுக்கிவிட்டு வேகமாகப் போனார். குருநாகலிலிருந்து மனைவியோடு வந்த ஒரு பெரியவர் அந்தப் பத்தையும் விலை கேட்டார். இவை விற்பனைக்கு இல்லை, நோயாளிகள் என்று ஸஹாப்தீன் சிங்களத்தில் விளக்கினார். பெரியவர் மனைவியைப் பார்த்தார், மனைவி பெரியவரைப் பார்த்தார், இருவரும் வாகனத்தில் ஏறிக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார்கள்.

பத்தும் அழுகவில்லை. நாளுக்கு நாள் தோல் மெருகேறியது. புதன்கிழமை காலை நான் அந்தப் பக்கமாகப் போனபோது, அவர் ஒரு பழத்தைக் கையில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு செஞ்சும் ஒனக்கு வெக்கம் இல்லயா? நாளைக்கு வகுப்பு. ஒண்டாவது கறுக்கக் கூடாதா?"

அழுகாததற்காகத் திட்டு வாங்கிய பழத்தை அன்றுதான் பார்த்தேன். உள்ளே கறுத்திருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். "ஒங்கட வாய்க்குச் சீனி போடணும் அண்ணன்" என்றார்.

வியாழக்கிழமை நாற்பது கதிரையும் நிறைந்தன. முன்வரிசையின் நடுக் கதிரை எனக்கு. யாரும் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். சேகரிப்பவர்கள், தோட்டக்காரர்கள், சந்தை வியாபாரிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். றிஸ்கான் பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மரத்தடியில் மேசை. மேசையில் ஒரு பக்கம் மெழுகுத் தொப்பியோடு பெரிய மரத்துப் பழங்கள் ஒரு தட்டு, மறுபக்கம் அந்தப் பத்து நோயாளிகள். அவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தர்ஷிகா கேட்டதற்கு, வெளியிலிருந்து என்று ஸஹாப்தீன் மேகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மொதல்ல நல்ல பழம் எப்படி இருக்கும்னு பாப்போம். நானா, நீங்களே ஒண்ணு எடுத்துத் தாங்க" என்றார் தர்ஷிகா.

ஸஹாப்தீன் எழுந்து சாரத்தைச் சரி செய்தார். தட்டில் மூன்று நாலு பழத்தைத் தொட்டு, ஆகப் பெரியதை எடுத்து, பெனியனில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தர்ஷிகா காம்பிலிருந்து அடிவரை கத்தியை ஓட்டிப் பழத்தைத் திருகித் திறந்தார்.

மெழுகுக்கு நேர் கீழே கறுப்பு தொடங்கியிருந்தது. அது கழுத்து வழியாகக் கொட்டையைத் தேடி இறங்கியிருந்தது. அதற்கும் கீழே மஞ்சள் சதைக்குள் கபில நிற நார்கள், வேர் மாதிரி.

"ஐயோ, அருமையான மாதிரி நானா!" என்றார் தர்ஷிகா. இப்படி ஒரு பழத்துக்காக எத்தனை நாள் அலைந்தாரோ, அந்தப் பெண்ணின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் எந்தத் தட்டிலிருந்து அது வந்தது என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் வகுப்பு எடுக்கிறவர் நிறுத்த முடியுமா? தொப்பிப் பழத்தில் இன்னும் பதினொன்றை வெட்டினார். மூன்று கறுப்பு. பத்து நோயாளிகளையும் வெட்டினார். ஒன்றில்கூட ஒரு புள்ளி இல்லை. அப்படி ஒரு மஞ்சளை நானே அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வெட்டிவைத்தவற்றைச் சனங்கள் எடுத்துத் தின்னத் தொடங்கினார்கள். ஸக்கியா சீனிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். பத்து நிமிஷத்தில் நோயாளிகளில் கொட்டை மட்டும்தான் மிஞ்சியது.

தர்ஷிகா விளக்கினார். இது ஒரு பங்கஸ், பூஞ்சணம். மரத்தில் காய்ந்த கொப்பில் குடியிருக்கும். மழைத் தண்ணீரோடு சொட்டிக் காயில் ஏறும். காய் கல்லாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். பழம் இளகும்போது எழும்பும். காம்போடு பறிப்பது நல்லது, மழையில் பறிக்காதது நல்லது, நானா செய்வதெல்லாம் நல்லதுதான். ஆனால் காய்ந்த கொப்பை வெட்டி எரிக்காவிட்டால் பிறகு செய்கிற எதுவும் போதாது. அந்தப் பத்தும் எங்கிருந்து வந்தன, என்ன பாடு பட்டன என்பதை ஸக்கியா இடையில் போட்டு உடைத்தார். வெயில் படுகிற மேட்டு மரத்தில், காய்ந்த கொப்பு இல்லாததால், அதற்கு இருக்க இடமில்லை. இருந்தாலும் இவ்வளவு அடிபட்ட பழம் பத்தும் தப்பியதை அவராலும் நம்ப முடியவில்லை. அதிர்ஷ்டம் என்றார்.

பின்வரிசையிலிருந்து றிஸ்கானின் குரல் வந்தது. "மண்டைக்குள்ள இரிக்கிறது தொப்பி போட்டா போகுமா நானா?"

முற்றம் சிரித்தது. பிறகு எல்லாத் தலையும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. இருபது வருஷமாக இந்தச் சரக்கை வெட்டாமல் எடுத்தவன் நான்தானே. கொழும்பிலிருந்து கறுத்த பழம் என்று முறைப்பாடு வரும்போதெல்லாம், அதை றிஸ்கான் பழம் என்று முடிவு செய்து அவரைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறேன். நான் கையிலிருந்த பிளேன்டீயைக் குடித்தேன். அது முடிந்திருந்தது. இருந்தாலும் குடித்தேன்.

ஸஹாப்தீன் சிரிப்பைக் கேட்டமாதிரித் தெரியவில்லை. மேசைக்குப் பக்கத்தில் போய், திறந்து கிடந்த முதல் பழத்தைக் குனிந்து பார்த்தார்.

"மிஸ், அது எப்ப உள்ளுக்குப் போச்சு?"

"பிஞ்சா இருக்கும்போதே போயிருக்கும் நானா."

"அப்ப நான் தொப்பி போடும்போது?"

"உள்ளதான் இருந்திச்சு. தூங்கிக்கிட்டு."

தலையாட்டினார். தூங்கிக்கொண்டிருந்ததை உள்ளே வைத்தே கதவைச் சாத்தியிருக்கிறோம் என்று அவர் உணர்ந்ததை அந்தத் தலையாட்டலில் பார்த்தேன். பிறகு கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். சனங்கள் எழுந்திருக்குமுன்பே அடுக்கினார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கடை பூட்டியிருந்தது. ஜும்மாத் தொழுகை முடிந்த கையோடு யட்டவத்தவுக்குப் போனாராம். பெரிய மரத்தில் ஆள் ஏற்றிக் காய்ந்த கொப்பு முழுவதையும் வெட்டி இறக்கினார். தோட்டத்துச் சொந்தக்காரி மரத்தையே வெட்டுகிறார்கள் என்று நினைத்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பாடு போட்டார். கொப்புகளை எரித்து முடித்த பிறகு ஸஹாப்தீனுக்கு வேறொரு கவலை. இனிக் கண்ணூற்றை எது எடுக்கும்? வகுப்பில் தர்ஷிகா கொடுத்த படத்தாள் ஒன்று அவரிடம் இருந்தது. பாதியாக வெட்டிய அவகாடோ, காம்பிலிருந்து அடிவரை கறுத்து, ஒரு முழ உயரத்தில். அதைப் பொலித்தீனில் சுற்றி மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்தார். இவ்வளவு அசிங்கமான படத்தைப் பார்த்தால் எந்தக் கண்ணும் திரும்பிப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அந்த மரத்துக் காயை இந்தப் பருவத்துக்குத் தொடுவதில்லை என்றும் ஸக்கியாவிடம் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை சந்தை வழக்கத்தைவிட நேரத்தோடு கூடிவிட்டது. எல்லாருக்கும் என் களஞ்சியத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வேலை இருந்தது. றிஸ்கான் தன் பழத்தைப் போட்டு முடிந்த பிறகும் போகாமல், வெற்றுத் தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றார். எட்டு மணிக்குத் தெருமுனை வேகத்தடையில் ஸஹாப்தீனின் முச்சக்கர வண்டி வந்து நின்றது. அவர் இறங்கினார், தள்ளித் தாண்டினார், ஏறி வந்தார்.

நான் கத்தியைக் காலையிலேயே மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன். எனக்கு யாரும் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்ட சட்டத்தைத் தளர்த்தவும் எனக்குத் தெரியும். தட்டுகளைத் தராசில் ஏற்றச் சொன்னேன்.

"வெட்டுங்க அண்ணன்" என்றார் ஸஹாப்தீன்.

அவசியமில்லை என்றேன்.

"வெட்டாட்டி எறக்க மாட்டேன்."

தன் சாரமடியிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்து, பெனியனில் துடைத்து, பிடியை என் பக்கம் நீட்டினார். சந்தையில் தராசுகூட ஆடவில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் தட்டில் கை வைத்தேன். இரத்தோட்டை மேட்டுப் பழம், சிறியது, சொரசொரத்த தோல். மேல் தட்டில் ஒன்று, நடுவில் ஒன்று. இரண்டும் சுத்தம். பார்த்தவர்களில் நாலு பேர் அதோடு போய்விட்டார்கள். அடித்தட்டில் மூன்றாவதை எடுக்குமுன் கத்தியை இரண்டு தடவை துடைத்தேன். கத்தி சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காம்பிலிருந்து கத்தியை இறக்கித் திருகினேன். ஒரு புள்ளி இல்லை. அதைத் தூக்கி, முதலில் றிஸ்கானுக்குக் காட்டினேன்.

"சரி, ஏத்துங்க" என்றேன்.

ஸஹாப்தீன் ஏற்றவில்லை. முதல் இரண்டு பழத்தையும் அவர் கவனிக்கவில்லை. என் கையிலிருந்த இரண்டு பாதியையும் வாங்கினார். அன்றைக்குப் போலத் தின்று காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கொட்டையை அதன் குழியில் சரியாகப் பொருத்தினார். மற்றப் பாதியை மேலே வைத்து, காம்போடு காம்பு நேராக வரும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பட்டியைக் கழற்றி நடுவில் போட்டார். பிறகு மடியில் துழாவி மெழுகுதிரித் துண்டை எடுத்து, தீக்குச்சியை உரசி, மூச்சை மறுபக்கம் திரும்பி விட்டு, இரண்டாகப் பிளந்திருந்த அந்தக் காம்பின் மேல் ஒரு துளி விட்டார். காயும்வரை பிடித்திருந்தார். அடித்தட்டில் அதன் குழியைத் தேடி, காம்பு வானத்தைப் பார்க்க, இறக்கிவைத்தார்.